சோலார், அணுமின்சாரம், அப்புறம் கைப்பழக்கம்

1839ல எட்மண்ட் பெக்கரெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர், அப்போ அவருக்கு வயசு பத்தொன்பது, அமிலக் கரைசல்ல பிளாட்டினத் தகடுகளை முக்கி வெச்சு, வெளிச்சம் பட்டா கரண்ட் வருதுங்கறதைக் கண்டுபிடிக்கிறார். இன்னிக்கு இருக்கற சோலார் பேனலுக்கெல்லாம் மூலம் அதான். அவரோட பையன் ஹென்றி பெக்கரெல். 1896 பிப்ரவரி கடைசில இவரு யுரேனிய உப்பை வெயில்ல வெச்சு ஒரு சோதனை பண்ணலாம்னு பாக்கறார், பாரிஸ்ல ஒரே மேகமூட்டம், சரி அப்புறம் பாத்துக்கலாம்னு உப்பையும் கறுப்புத்தாள் சுத்தின போட்டோ தகட்டையும் டிராயருக்குள்ள போட்டுட்டார். பின்னாடி அந்தத் தகட்டைக் கழுவிப் பாத்தா, வெயிலே படாத தகடுல உப்போட அச்சு பளிச்சுனு விழுந்திருக்கு. கதிரியக்கம் உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அப்பா வெயில்லேருந்து கரண்ட் எடுத்தாரு, பையன் வெயில் வராத புண்ணியத்துல அணுவுக்குள்ள இருக்கறதைப் பாத்தாரு. நீண்ட காலத்துக்கு உதவறது சோலாரா நியூக்ளியரான்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடறவங்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு பொருத்தமும் இருக்கு. 1954 ஏப்ரல் 25, அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து ஆளுங்க சிலிக்கான் சோலார் செல்லை வெளி உலகத்துக்குக் காட்டினாங்க, விழுற வெளிச்சத்துல 6 சதவீதத்தை மின்சாரமா மாத்துச்சு. சுமார் ரெண்டு மாசம் கழிச்சு, ஜூன் 27, சோவியத் யூனியன்ல ஓப்னின்ஸ்க்ங்கற ஊர்ல ஒரு 5 மெகாவாட் அணுமின் நிலையம் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, கரண்ட் கொடுத்துச்சு, உலகத்துலயே முதல் தடவையா. ஆக ரெண்டுக்கும் வயசு ஒண்ணுதான். ஆனா அன்னிக்கு யாரைக் கேட்டிருந்தாலும் எதிர்காலம் அணுதான்னு அடிச்சு சொல்லியிருப்பாங்க. அமெரிக்க அணுசக்தி கமிஷன் தலைவரா இருந்த லூயிஸ் ஸ்ட்ராஸ் அதே வருஷம் செப்டம்பர்ல, அடுத்த தலைமுறைக்கு மின்சாரம் மீட்டர் வெச்சு அளக்கவே தேவையில்லாத அளவுக்கு மலிவாயிடும்னு மேடையில பேசினாரு. சோலார் செல் என்னாச்சுன்னா 1958ல வான்கார்ட் 1 செயற்கைக்கோள்ல ஏறுச்சு, அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு விண்வெளிக்காரங்க மட்டும் வாங்கற சாமானாவே இருந்துச்சு.

எழுபது வருஷம் ஓடிப்போச்சு. 2024 கணக்குப்படி உலகத்துல சோலார் நிறுவுதிறன், அதாவது மாட்டி வெச்சிருக்கறது முழு வேகத்துல தரக்கூடிய அளவு, ரெண்டு டெராவாட்டைத் (ரெண்டாயிரம் ஜிகாவாட்டை) தாண்டிடுச்சு, அணு உலைங்க எல்லாம் சேந்து கிட்டத்தட்ட 400 ஜிகாவாட். அஞ்சு மடங்கு வித்தியாசம். ஆனா அதே வருஷம் வந்த மின்சாரத்தைப் பாருங்க, சோலார் சுமார் 2,100 டெராவாட் மணி, அணு 2,700 பக்கம். அஞ்சுல ஒரு பங்கு சைஸ் இருக்கறது அதிகமா தந்திருக்கு. ராத்திரி, மேகம், சாய்ஞ்ச வெயில்னு போக ஒரு சோலார் பார்க் தன்னோட முழுத்திறன்ல சராசரியா 10லேருந்து 25 சதவீதம்தான் தரும், நல்லா ஓட்டற அணு உலை 90 சதவீதம் தரும். இந்த ஒரு விஷயத்தை விட்டுட்டு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு நம்பரைத் தூக்கிப் போட்டு சண்டை போடுவாங்க, ஒருத்தர் நிறுவுதிறனைக் காட்டுவார் இன்னொருத்தர் உற்பத்தியைக் காட்டுவார், ரெண்டும் உண்மைதான், ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தாதான் நிலவரம் புரியும்.

"நீண்ட காலம்"னு பேச ஆரம்பிச்சாலே முதல்ல வர்ற கேள்வி எரிபொருள் எத்தனை நாளைக்கு வரும்ங்கறது. இதை நான் சீக்கிரமா முடிச்சுக்கறேன், ஏன்னா இதுல பெருசா ஒண்ணும் இல்ல. பூமி மேல விழுற சூரிய சக்தி சுமார் 1,73,000 டெராவாட், மனுஷங்க மொத்தமா எல்லா வடிவத்துலயும் செலவழிக்கறது இருபது டெராவாட் பக்கம். யுரேனியம், இப்ப கண்டுபிடிச்சு வெச்சிருக்கற கையிருப்பை இப்ப எரிக்கற வேகத்துல எரிச்சா நூறு வருஷம் அளவுக்கு வரும். இதைக் கேட்டதும் "பாத்தீங்களா தீந்துடும்"னு கிளம்பிடுவாங்க, ஆனா இயற்கை யுரேனியத்துல நாம பிளக்கறது பெரும்பாலும் 0.7 சதவீதமே இருக்கற யுரேனியம்-235ஐத்தான், மிச்சம் 99 சதவீதத்தையும் எரிபொருளா மாத்தக்கூடிய பிரீடர் வகை உலை ஒண்ணு ரஷ்யாவுல 1980லேருந்தே ஓடிட்டிருக்கு, பிஎன்-600னு பேரு. கடல் தண்ணிலயும் நாலு பில்லியன் டன்னுக்கு மேல யுரேனியம் கரைஞ்சு கிடக்கு, எடுக்கறதுதான் செலவு. அதனால எரிபொருள் தீந்துபோய் இந்த ரெண்டுல ஒண்ணு நின்னுடும்னு நான் நம்பல, நிக்கறதா இருந்தா வேற காரணத்துலதான் நிக்கும், நான் எழுத வந்ததே அந்தக் காரணத்தைப் பத்திதான்.

அதுக்கு முன்னாடி அணு உலைக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்துடலாம், பயமும் சரி பக்தியும் சரி தூரத்துலேருந்து பாக்கறதுலதான் வருது. யுரேனியம் ஆக்சைடை கறுப்பு செராமிக்கா சுட்டு சின்ன உருளையா பண்ணுவாங்க, விட்டம் ஒரு சென்டிமீட்டர், உயரமும் அவ்வளவுதான், எடை ஏழு கிராம் பக்கம். புதுசா இருக்கும்போது கையுறை போட்டுக்கிட்டு சாதாரணமா எடுக்கலாம். அந்த ஒரு உருளை சுமார் ஒரு டன் நிலக்கரிக்குச் சமம். இதுமாதிரி நூத்துக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நாலு மீட்டர் நீளத்துக்கு ஸிர்கோனியம் குழாய்க்குள்ள அடைச்சு, அப்படிப்பட்ட குழாய்களைக் கட்டுக்கட்டா உலைக்குள்ள இறக்குவாங்க. நாலஞ்சு வருஷம் உள்ள இருக்கும். வெளிய எடுக்கும்போது அதே உருளை, பாக்கறதுக்குப் பெருசா மாறியிருக்காது, ஆனா இப்போ அந்தக் குழாய்க் கட்டுக்குப் பக்கத்துல போய் நின்னா கொஞ்ச நேரத்துல உயிர் போற அளவுக்குக் கதிர்வீச்சு. அதனாலதான் ஆழமான குளத்துல பல மீட்டர் தண்ணிக்கு அடியில வெக்கறாங்க, மேலேருந்து பாத்தா தண்ணி நீலமா மினுங்கும்.

இதுல நிறைய பேருக்குப் பிடிபடாத விஷயம் ஒண்ணு இருக்கு. உலையை நிறுத்தினாலும் சூடு நிக்காது. அணுப்பிளவு சில நொடில நின்னுடும், ஆனா பிளந்து வந்த துண்டுங்க தானா சிதைஞ்சு சூடு விட்டுக்கிட்டே இருக்கும், நிறுத்தின கணத்துல முழு வெப்பத்திறன்ல ஆறு ஏழு சதவீதம், ஒரு நாள் கழிச்சு அரை சதவீதம் பக்கம். அரை சதவீதம்தானேன்னு தோணும், 3,000 மெகாவாட் வெப்பம் தர்ற உலைக்கு அது 15 மெகாவாட், அதைத் தண்ணி ஊத்தி ஆத்திக்கிட்டே இருக்கணும், பம்பு ஓட கரண்ட் வேணும். 2011 மார்ச் 11ல புகுஷிமாவுல நடந்தது இதுதான். பூகம்பம் வந்ததும் ஓடிட்டிருந்த உலைங்க ஒழுங்கா நின்னுச்சு. வெளி கரண்ட் போச்சு, டீசல் ஜெனரேட்டர் எழுந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு பதினாலு பதினஞ்சு மீட்டர் உயரத்துக்கு சுனாமி வந்து, தாழ்வா வெச்சிருந்த ஜெனரேட்டருங்களை மூழ்கடிச்சுது. அதுக்கப்புறம் எல்லாம் அந்த மிச்சச் சூட்டோட வேலை.

ஆனா அதே கடற்கரையில, பூகம்பத்தோட மையத்துக்கு புகுஷிமாவை விடக் கிட்டக்க, ஓனகாவான்னு இன்னொரு அணுமின் நிலையம் இருக்கு. அங்கயும் கிட்டத்தட்ட அதே உயர அலை. நிலையம் கடல் மட்டத்துக்கு மேல 14 மீட்டர் தாண்டி கட்டியிருந்தாங்க, ஏன்னா திட்டம் போட்ட காலத்துல பழைய சுனாமி பதிவுகளைக் காட்டி உயரமா கட்டணும்னு பிடிவாதமா நின்னவங்க அங்க இருந்தாங்க. உலைங்க பத்திரமா நின்னுச்சு, வீடு போன ஊர்மக்கள் சில நூறு பேர் அந்த நிலையத்து ஜிம்லயே தஞ்சம் புகுந்திருந்தாங்க. ஒரே நாடு, ஒரே தொழில்நுட்பம், ஒரே அலை. வித்தியாசம் யாரு எப்போ எதுல விட்டுக்கொடுத்தாங்கங்கறதுல மட்டும்தான்.

உயிரிழப்புக் கணக்கை ரெண்டு வரில சொல்லிடறேன், இதைப் பத்தி ஏற்கனவே தேவைக்கு மேல எழுதியாச்சு. 1986 செர்னோபில் அணு உலை விபத்தால கடைசியா 4,000 பேர் வரைக்கும் சாகலாம்னு 2005ல உலக சுகாதார நிறுவனமும் மத்தவங்களும் சேந்து மதிப்பிட்டாங்க, புகுஷிமாவுல கதிர்வீச்சை விட அவசரமா ஊரைக் காலி பண்ணினதுல செத்தவங்கதான் ரொம்ப அதிகம், ரெண்டாயிரத்துக்கு மேல. இதையெல்லாம் சேத்துக் கணக்கு போட்டாலும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை உயிர்னு பாத்தா அணுவும் சோலாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல அடிமட்டத்துல இருக்கு, நிலக்கரி அதுக்கு நூத்துக்கணக்கான மடங்கு மேல. கார்பன்லயும் அதே கதைதான், ஐநாவோட காலநிலைக் குழுவான ஐபிசிசி 2014ல சொன்ன வாழ்நாள் கணக்குப்படி ஒரு யூனிட்டுக்கு அணு 12 கிராம், சோலார் நாப்பதுகள்ல, நிலக்கரி 820. அதனால பாதுகாப்பு, கார்பன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறது எனக்கு வீண் வேலையாத்தான் படுது.

கழிவுன்னு வந்தா விஷயம் வேற. உலகம் முழுக்க இதுவரைக்கும் உலையிலேருந்து வெளிய வந்த எரிஞ்ச எரிபொருள் சுமார் நாலு லட்சம் டன். எழுபது வருஷத்து மொத்தக் கழிவுன்னா இது கம்மிதான், நிலக்கரிச் சாம்பலோட பக்கத்துலயே வெக்க முடியாது. ஆனா அதுல இருக்கற புளூட்டோனியம்-239ல பாதி அழிய 24,100 வருஷம் ஆகும். எங்க வெக்கறது? பின்லாந்து ஒரு பதிலைக் கட்டி முடிச்சிருக்கு. ஓல்கிலுவோட்டோ தீவுல ஓன்கலோன்னு பேரு, 400 மீட்டருக்கு மேல ஆழத்துல, 190 கோடி வருஷம் பழசான, பெரிசா அசையாத பாறைக்குள்ள சுரங்கம், அஞ்சு சென்டிமீட்டர் கனத்துல செப்புக் கலம், சுத்தி பெண்டோனைட் களிமண். 2024ல சோதனை ஓட்டம் ஆரம்பிச்சாங்க. அமெரிக்கா 1987லயே நெவாடாவுல யக்கா மலையைத் தேர்ந்தெடுத்துச்சு, பல பில்லியன் டாலர் செலவழிச்சுது, 2010 வாக்குல அரசியல்ல மாட்டி அப்படியே நின்னுபோச்சு. பாறையில பிரச்சினைங்கறதை விட, பக்கத்துல இருக்கற சனங்களை ஒத்துக்க வெக்க முடியலங்கறதுதான் பெரிய பிரச்சினை.

பாறை விஷயத்துல இயற்கையே ஒரு சாட்சி வெச்சிருக்கு. 1972ல ஆப்பிரிக்காவுல காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்துல கணக்கு உதைக்குதுன்னு தோண்டித் துருவினப்போ, சுமார் 200 கோடி வருஷம் முன்னாடி அங்க தானாவே அணு உலை மாதிரி தொடர்வினை ஓடியிருக்குன்னு தெரிய வந்துச்சு. அதுல உண்டான கழிவுல நிறைய, செப்புக் கலமும் இல்லாம ஒண்ணும் இல்லாம, அந்த இடத்தை விட்டு அதிகம் நகரவே இல்ல. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், இதை வெச்சு எல்லாம் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா "லட்சம் வருஷம் எப்படிங்க தாங்கும்"ங்கற கேள்விக்கு ஒரு நிஜ உதாரணமாவது இருக்கு.

சோலாருக்கும் கழிவு இருக்கு, அதைச் சொல்லாம விடக் கூடாது. பேனல் 25லேருந்து 30 வருஷம், வருஷத்துக்கு அரை சதவீதம் மாதிரி திறன் குறையும். 2050க்குள்ள 7.8 கோடி டன் வரைக்கும் பழைய பேனல் குவியலாம்னு சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பான ஐரினா 2016ல மதிப்பு சொல்லுச்சு. பெரும்பாலும் கண்ணாடியும் அலுமினியமும்தான், கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் ஈயம். ஆபத்துன்னு பாத்தா கம்மி, அளவுன்னு பாத்தா மலை. பிரிச்சு எடுக்கற தொழில் இன்னும் சரியா வேர் பிடிக்கல, புது பேனல் இவ்வளவு மலிவா கிடைக்கும்போது பழசைப் பிரிச்சு யாருக்கு என்ன லாபம்ங்கற கதைதான்.

இப்ப செல்லை எடுத்துக்கலாம். 150 மைக்ரான் கனத்துல, முடியை விட ரெண்டு மடங்கு தடிமன்னு வெச்சுக்கங்க, ஒரு சிலிக்கான் பிஸ்கெட். ஒரு பக்கம் போரான் கொஞ்சூண்டு கலந்திருக்கும், இன்னொரு பக்கம் பாஸ்பரஸ், ரெண்டும் சேர்ற எல்லையில ஒரு மின்புலம் நிரந்தரமா நிக்கும். வெளிச்சத் துகள் வந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டா அந்தப் புலம் அதை ஒரே பக்கமா தள்ளிவிடும், மேல ஓடற மெல்லிசு வெள்ளிக்கோடு அதை வாங்கிட்டுப் போகும். அவ்வளவுதான். சுத்தற பாகம் இல்ல, தேயற பாகம் இல்ல, ஆவி இல்ல, அழுத்தம் இல்ல. ஆனா எல்லா வெளிச்சமும் உதவாது, சக்தி கம்மியான துகள் எலக்ட்ரானைத் தட்டாமயே ஊடுருவிப் போயிடும், சக்தி அதிகமானது தட்டிட்டு மிச்சத்தை சூடா விட்டுடும். அதனால ஒரே அடுக்கு செல்லுக்கு 30 சதவீதம் மாதிரி ஒரு உச்சவரம்பு இருக்குன்னு 1961லயே ஷாக்லி, குயிஸ்ஸர்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணக்கு போட்டுட்டாங்க, இப்பத்திய கணக்குல அது 33 பக்கம். இன்னிக்கு நல்ல பேனல் 22, 23 சதவீதத்துல நிக்குது. மேல பெரோவ்ஸ்கைட்டுன்னு இன்னொரு அடுக்கு ஒட்டி லேப்ல 34ஐத் தாண்டிட்டாங்க, அது வெயில்லயும் ஈரத்துலயும் இருபது வருஷம் தாங்குமாங்கறதுதான் இப்ப ஓடற ஆராய்ச்சி. சரி ஒரு வேடிக்கை, வெயில் கொளுத்தினா பேனலுக்குக் கொண்டாட்டம்னு நினைப்போம், ஆனா பேனல் சூடாக சூடாக டிகிரிக்கு 0.3, 0.4 சதவீதம்னு திறன் இறங்கும், அதுக்குப் பிடிச்சது நல்ல வெளிச்சமும் ஜில்லுனு காத்தும்.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துட்டேன். சோலார் பேனல் விலை 1970களோட நடுவுல, இன்னிக்குப் பண மதிப்புல, ஒரு வாட்டுக்கு நூறு டாலர் பக்கம். இப்போ அரை டாலருக்கும் கீழ. உலகம் மொத்தமா செஞ்ச பேனலோட அளவு ஒவ்வொரு தடவை ரெட்டிப்பாகும்போதும் விலை சுமார் 20 சதவீதம் இறங்கிக்கிட்டே வந்திருக்கு, ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, அம்பது வருஷமா. யாரோ ஒரு மேதை வந்து பெரிய கண்டுபிடிப்பு பண்ணினதால மட்டும் இது நடக்கல. கோடிக்கணக்குல ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சிலிக்கான் கட்டியைக் கம்பியால அறுக்கறதுல வீணாகற தூளு கம்மியாகும், வெள்ளி கம்மியாகும், பிஸ்கெட் மெல்லிசாகும், உடையறது கம்மியாகும், லைன்ல நிக்கறவங்களுக்கு எங்க கோளாறு வரும்னு முன்கூட்டியே தெரியும். கைப்பழக்கம்தான்.

அணு உலையில இது அப்படியே தலைகீழா நடந்திருக்கு. பிரான்ஸ் 1974ல மெஸ்மெர் திட்டம்னு ஆரம்பிச்சு, 1977லேருந்து பதினாறு வருஷத்துக்குள்ள அம்பதுக்கு மேல உலையை ஓடவிட்டாங்க. ஒரே மாதிரி டிசைன், ஒரே ஆளுங்க, ஒரு தளத்துல முடிச்ச டீம் அப்படியே அடுத்த தளத்துக்கு. அவங்களுக்கே கூட டிசைனைப் பெருசாக்கிக்கிட்டே போனதுல பின்னாடி பின்னாடி செலவு ஏறத்தான் செஞ்சுச்சு, ஆனாலும் வேலை நடந்துச்சு. 1999ல கடைசி உலையை கிரிட்டோட இணைச்சுட்டு நிறுத்தினாங்க. எட்டு வருஷம் கழிச்சு 2007 டிசம்பர்ல ஃப்ளமன்வில்ங்கற ஊர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அஞ்சு வருஷம்னு சொன்னாங்க, 3.3 பில்லியன் யூரோன்னு சொன்னாங்க. 2024 டிசம்பர்லதான் கிரிட்டுக்கு வந்துச்சு, செலவு 13 பில்லியனைத் தாண்டிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு தெரியுமா, ஆவி போற பெரிய குழாய்ங்களோட வெல்டிங் தரம் சரியில்ல. அதுல சிலது உலைக்கட்டடத்து ரெண்டு சுவருக்கு நடுவுல, மனுஷன் உடம்பு நுழைய முடியாத இடம், ரோபோ செஞ்சு உள்ள விட்டு பத்த வெச்சாங்க. அம்பது உலை கட்டின நாட்டுக்கு வெல்டிங் மறந்துபோச்சுன்னா கேக்கறதுக்கு நம்ப முடியாது, ஆனா அந்தத் தரத்துல பத்த வெக்கத் தெரிஞ்ச ஆளுங்க ரிட்டயர் ஆயிட்டாங்க, அவங்க கையில இருந்தது எந்த மேனுவல்லயும் முழுசா இல்ல.

பின்லாந்துல ஓல்கிலுவோட்டோவோட மூணாவது உலையும் அதே டிசைன், 2005ல ஆரம்பிச்சு 2009ல முடியணும், முடிஞ்சது 2023. அமெரிக்காவுல வோக்டில் நிலையத்தோட 3, 4ஆம் உலைங்க ஏழு வருஷம் தாமதம், 30 பில்லியன் டாலருக்கு மேல, நடுவுல டிசைன் பண்ணின வெஸ்டிங்ஹவுஸே 2017ல திவால் மனு போட்டுச்சு. இப்படி இழுத்தா வட்டியே குடிச்சுடும், அணுமின்சாரத்தோட விலையில பெரும்பங்கு கட்டற செலவும் அதுக்கான வட்டியும்தான், யுரேனியம் விலை அதுல கொஞ்சம்தான். ஆனா இதே காலத்துல ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல பராக்கா அணுமின் நிலையத்தைப் பாருங்க, அணு உலையையே பாக்காத நாடு, 2012ல தோண்ட ஆரம்பிச்சு 2024க்குள்ள நாலு உலை, மொத்தம் 5.6 ஜிகாவாட், நாட்டோட மின்சாரத்துல கால்வாசி. கட்டினது கொரியாக்காரங்க. அவங்க தங்களோட ஊர்ல கட்டறதை நிறுத்தவே இல்ல, அதான் ரகசியம், வேற ஒண்ணும் இல்ல.

அணு உலைக்கு எதிரா இருக்கறவங்க "பாருங்க தொழில்நுட்பமே தோல்வி"னு சொல்றாங்க, ஆதரவா இருக்கறவங்க "எல்லாம் கட்டுப்பாட்டு அதிகாரிங்க பண்ற அழிம்பு"ங்கறாங்க. ரெண்டுமே எனக்கு முழுசா ஒத்துக்க முடியல. அணு உலை பத்து வருஷம் கட்டி, அறுபது எண்பது வருஷம் ஓட்டி, இன்னொரு இருபது முப்பது வருஷம் கழட்டி, அதுக்கப்புறம் கழிவைப் பாத்துக்கற சமாச்சாரம், அதாவது ஒரு சமுதாயம் நூறு வருஷத்துக்கு ஒரே வேலையில கவனம் சிதறாம இருப்பேன்னு கையெழுத்து போடறது. எந்திரம் நூறு வருஷம் தாங்கும், ஆட்சி, பட்ஜெட், பயிற்சி, பொறுமை இதெல்லாம் தாங்குமாங்கறதுதான் கேள்வி. சோலார் அந்தக் கையெழுத்தைக் கேக்கறதில்ல, முப்பது வருஷத்துல பேனலைக் கழட்டிட்டு அன்னிக்கு என்ன நல்லதா கிடைக்குதோ அதை மாட்டிக்கலாம், தப்பான முடிவு எடுத்தாலும் தலைமுறைக்கும் தொடராது.

அப்ப சோலாரே போதும்னு முடிச்சுடலாமா? அங்கதான் ராத்திரி வருது. ராத்திரியைக் கூட சமாளிச்சுடலாம் போல இருக்கு, லித்தியம் பேட்டரி விலை 2010லேருந்து 90 சதவீதம் பக்கம் விழுந்துடுச்சு, கலிபோர்னியாவுல 2024ல சில சாயங்காலங்கள்ல கிரிட்டுக்கு அதிகமா கரண்ட் கொடுத்ததே பேட்டரிதான். பராக்கா இருக்கற அதே நாட்டுலயே 2025 ஜனவரில ஒரு திட்டம் அறிவிச்சாங்க, 5.2 ஜிகாவாட் சோலார், 19 ஜிகாவாட் மணி பேட்டரி, இது ரெண்டும் சேந்து இருபத்துநாலு மணி நேரமும் 1 ஜிகாவாட் கொடுக்கணும், செலவு சுமார் 6 பில்லியன் டாலர், 2027ல தயார்னு இலக்கு. பராக்காவுக்கு 24 பில்லியன்னு 2016ல சொன்னாங்க, வகுத்துப் பாத்தா ஜிகாவாட்டுக்கு நாலு பில்லியன் சொச்சம், அதுக்கப்புறம் ஏறினதையும் வெச்சா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட வந்துடுது. பேட்டரியையும் பேனலையும் உலையோட ஆயுசுக்குள்ள ரெண்டு மூணு தடவை மாத்தணும், உண்மைதான், ஆனா பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம், மாத்தும்போது விலை இன்னும் இறங்கியிருக்கும். இடம் வேணும்ங்கறதையும் சேத்துக்கணும். ராஜஸ்தான் பாட்லா சோலார் பார்க் 2.2 ஜிகாவாட், 56 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குல ஒரு ஜிகாவாட் உலை தர்ற அளவு மின்சாரத்துக்கு நூறு சதுர கிலோமீட்டர் போல ஆகும். பாலைவனம் இருக்கறவங்களுக்கு அது பிரச்சினையே இல்ல, நெருக்கமா விளைநிலம் இருக்கற இடத்துல பெரிய பிரச்சினை.

ராத்திரியைத் தாண்டினாலும் குளிர்காலம் இருக்கு. ஜெர்மனி மாதிரி வடக்க இருக்கற நாட்டுல ஜூன்ல வர்ற சோலார் மின்சாரத்துல சுமார் ஆறுல ஒரு பங்குதான் டிசம்பர்ல தேறும், அதே சமயம் குளிருக்கு மின்சாரம் அதிகமா வேணும், நடுவுல வெயிலும் இல்லாம காத்தும் இல்லாம நாள்கணக்கா ஒரு மந்தம் வரும். நாலு மணி நேர பேட்டரியை வெச்சுக்கிட்டு அதை ஓட்ட முடியாது, ஆறு மாசம் சேத்து வெக்கற மலிவான வழி இன்னும் கையில இல்ல. செவ்வாய் கிரகத்துல இது அப்பட்டமா தெரிஞ்சுது. 2004ல இறங்கின ஆப்பர்ச்சூனிட்டிங்கற நாசா ஊர்தி சோலார்ல ஓடுச்சு, தொண்ணூறு நாள் ஓடினா போதும்னு அனுப்பினது பதினாலு வருஷம் ஓடி எல்லாரையும் அசத்துச்சு, கடைசில 2018ல கிரகம் முழுக்க புழுதிப்புயல் மூடினப்போ பேச்சு நின்னுடுச்சு. 2012ல இறங்கின க்யூரியாசிட்டி ஊர்திக்கு புளூட்டோனியச் சூட்டுல ஓடற பேட்டரி, அது உலை இல்லதான், ஆனாலும் அதே புயலுக்குள்ள அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு.

அதனால என் கட்சி அட்சரேகை கட்சி. பூமத்திய ரேகைக்கு முன்னபின்ன இருக்கற நாடுகளுக்கு, மனுஷங்கள்ல நாப்பது சதவீதம் பக்கம் அங்கதான் வாழறாங்க, சோலாரும் பேட்டரியும்தான் முதுகெலும்பு, மழைக்காலத்துக்கு நீர்மின்சாரமும் காத்தும் கைகொடுக்கும். வடக்க போகப் போக அணு இல்லாம நிலக்கரியையும் கேஸையும் முழுசா விட்டு வெளிய வர்றது கஷ்டம். ஓடிட்டிருக்கற நல்ல உலையை நிறுத்தறது எங்க இருந்தாலும் எனக்குப் புரியாத விஷயம், 2023 ஏப்ரல் 15ல ஜெர்மனி கடைசி மூணு உலையை நிறுத்தினப்போ நிலக்கரி இன்னும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, கட்டின செலவு எப்பவோ முடிஞ்சு போன உலைங்க அதெல்லாம். வரிசையை மாத்தியிருக்கலாம்.

சோலார் பக்கத்துல என்னை உறுத்தறது வேற. பேனல் செய்யற ஒவ்வொரு கட்டத்துலயும் 80 சதவீதத்துக்கு மேல சீனாவுலதான் நடக்குது. கைப்பழக்கம்தான் முக்கியம்னு இவ்வளவு நேரம் சொன்னேன், அந்தக் கை முழுக்க ஒரே இடத்துல இருக்கு. அணுவுலயும் இதே சங்கடம்தான், சுரங்க யுரேனியத்துல சுமார் 40 சதவீதம் கஜகஸ்தான், செறிவூட்டற திறன்ல அதே அளவு ரஷ்யா. ஒரு வித்தியாசம், பேனல் வர்றது நின்னா மாட்டின பேனல் முப்பது வருஷம் ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதுக்குள்ள தொழிற்சாலை கட்டிக்கலாம், எரிபொருள் நின்னா உலைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

சின்ன அணு உலைங்க எல்லாத்தையும் மாத்திடும்னு ஒரு பேச்சு ஓடுது, தொழிற்சாலையில வரிசையா செஞ்சு லாரில ஏத்தி அனுப்பினா சோலாருக்கு நடந்த அதே கைப்பழக்கம் இதுக்கும் வந்துடும்னு. யோசனை சரிதான். ஆனா அமெரிக்காவுல சின்ன உலை டிசைன் பண்ற நியூஸ்கேல் கம்பெனியோட முதல் திட்டம், விலை மெகாவாட் மணிக்கு 58 டாலர்லேருந்து 89க்கு ஏறி, 2023 நவம்பர்ல ஒண்ணு கூட கட்டாம நின்னுச்சு. இப்ப கனடாவுல டார்லிங்டன்ல 300 மெகாவாட் உலை நாலு கட்ட முடிவு பண்ணி, 2025ல முதலாவதுக்கு அனுமதியும் கொடுத்துட்டாங்க, முதல் உலைக்கு மட்டும் 6.1 பில்லியன் கனடா டாலர், பொதுவா செய்யற வேலைக்கு தனியா 1.6, நாலுக்கும் சேத்து 20.9. கணக்குப் போட்டுப் பாருங்க, மத்த மூணும் ஒவ்வொண்ணும் முதலாவதை விட ஒன்றரை பில்லியனுக்கு மேல கம்மியா வரணும்னு எதிர்பாக்கறாங்க. எல்லாரும் முதல் உலை 2030ல வருமான்னு பாத்துக்கிட்டிருக்காங்க, நான் நாலாவதுக்கு எவ்வளவு ஆச்சுன்னு பாக்கக் காத்திருக்கேன்.